கிறிஸ்துமஸ் கொண்டாடலாமா, கொண்டாடினால் எப்படி: விசுவாசிகளுக்கு ஒரு வழிகாட்டி

டிசம்பர் நெருங்கும்போதெல்லாம் கிறிஸ்தவர்களுக்குள் ஒரு பழைய கேள்வி திரும்ப எழுகிறது. வேதத்தில் கட்டளையிடப்படாத ஒரு பண்டிகையை ஆசரிப்பது சரிதானா என்று ஒருவர் கேட்கிறார். தலைமுறை தலைமுறையாகக் கொண்டாடிவந்ததை இப்போது ஏன் கேள்விக்குள்ளாக்க வேண்டும் என்று இன்னொருவர் மனம் நோகிறார். ஒரே வீட்டுக்குள்ளேயே கணவர் ஒரு பக்கமும் மனைவி மறுபக்கமும் நிற்பதுண்டு. ஒரே சபைக்குள் இதனால் பேச்சுவார்த்தை நின்றுபோனதும் உண்டு. நான் கிறிஸ்துமஸை ஆசரிக்கிறவன். ஆயினும் ஆசரிக்காதவர்களின் தயக்கம் வெறும் பிடிவாதம் அன்று என்பதையும், அவர்கள் எழுப்பும் கேள்விகளில் பாதியையாவது கொண்டாடுகிறவர்கள் தங்களிடமே கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதையும் காலம் செல்லச்செல்லக் கற்றுக்கொண்டேன்.

ஆகவே அலங்காரம், பரிசு, விருந்து ஆகியவற்றைப் பற்றி யோசிப்பதற்கு முன்பாக, கொண்டாடுவதா வேண்டாமா என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ளுங்கள். நவம்பர் மாதத்திலேயே ஒரு மாலைப் பொழுதை இதற்கென்று ஒதுக்கி, வீட்டில் உள்ள பெரியவர்கள் வேதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பேசுவது நல்லது. டிசம்பர் பிறந்த பிறகு இந்தப் பேச்சை எடுத்தால், அதற்குள் செலவும் அழைப்பும் தொடங்கியிருக்கும். பிறகு நடப்பது ஆராய்ச்சியாக இராது, வாக்குவாதமாகத்தான் இருக்கும்.

முதலில் வேதம் சொல்வதும் சொல்லாததும்

இயேசு பிறந்த நாளை வேதம் எங்கும் குறிப்பிடவில்லை. மாற்கும் யோவானும் அவருடைய பிறப்பின் நிகழ்ச்சிகளை எழுதவே இல்லை. மத்தேயுவும் லூக்காவும் எழுதியிருந்தாலும் மாதமோ தேதியோ தரவில்லை. ஆண்டைக்கூட நாம் கணக்கிட்டுத்தான் அறிகிறோம். கிறிஸ்து பிறப்பை மையமாக வைத்து ஆண்டுகளை எண்ணும் முறையை 525ஆம் ஆண்டில் வகுத்தவர் தியோனீசியுஸ் எக்ஸிகுவுஸ் என்ற துறவி. ஆனால் குழந்தைகளைக் கொல்லக் கட்டளையிட்ட ஏரோது கி.மு. 4ஆம் ஆண்டளவில் இறந்துவிட்டான் என்று வரலாற்றாசிரியர்களில் பெரும்பாலோர் கருதுவதால், இயேசு அதற்கும் முன்பே பிறந்திருக்க வேண்டும். மேலும், தம்மை நினைவுகூரும்படி ஆண்டவர் சீஷர்களிடம் கேட்டுக்கொண்டது தம்முடைய மரணத்தையே. அப்பத்தையும் பாத்திரத்தையும் கொடுத்து, ‘என்னை நினைவுகூரும்படி இதைச் செய்யுங்கள்’ என்றார். பிறந்தநாளைப் பற்றி அப்படி ஒரு சொல்லும் இல்லை. கொண்டாடாதவர்கள் இதைச் சுட்டிக்காட்டும்போது கொண்டாடுகிறவர்கள் தலையசைத்து ஒப்புக்கொள்ள வேண்டும், ஏனெனில் அது உண்மை.

ஆனால் கட்டளை இல்லை என்பதனாலேயே தடை இருக்கிறது என்று ஆகிவிடாது. மோசேயின் நியாயப்பிரமாணத்தில் இல்லாத இரண்டு பண்டிகைகள் வேதத்திலேயே வருகின்றன. எஸ்தரின் காலத்தில் அழிவிலிருந்து காப்பாற்றப்பட்ட யூதர்கள் பூரீம் நாட்களைத் தாங்களாகவே ஏற்படுத்திக்கொண்டார்கள். அந்நாட்களில் விருந்துண்டு, ஒருவருக்கொருவர் பங்கு அனுப்பி, எளியவர்களுக்குத் தானம் செய்ய வேண்டும் என்று எஸ்தர் புத்தகத்தின் 9ஆம் அதிகாரம் கூறுகிறது. மக்கபேயர் என்ற யூத வீரர்களின் காலத்தில் ஆலயம் சுத்திகரிக்கப்பட்டதை நினைவுகூரும் பிரதிஷ்டைப் பண்டிகையோ அதற்கும் பிற்பட்டது. ‘அப்பொழுது மாரிகாலமாயிருந்தது’ என்று சொல்லும் யோவான் 10ஆம் அதிகாரத்தில், இயேசு அந்தப் பண்டிகையின்போது எருசலேம் தேவாலயத்தில் உலாவிக்கொண்டிருந்தார். அதைக் கண்டித்து அவர் ஒன்றும் சொல்லவில்லை. தேவன் செய்த இரட்சிப்பின் செயலை மக்கள் நன்றியோடு நினைவுகூர நாள் குறித்துக்கொள்வது தன்னளவில் பாவம் அன்று என்பதற்கு எனக்கு இவ்விரு சான்றுகளும் போதுமானவையாக இருக்கின்றன.

நாட்களைப் பற்றிப் பவுல் மூன்று இடங்களில் எழுதுகிறார். மூன்றையும் சேர்த்து வாசிக்க வேண்டும். கலாத்தியர் 4ஆம் அதிகாரத்தில், நாட்களையும் மாதங்களையும் காலங்களையும் வருஷங்களையும் பார்க்கிறீர்களே என்று அவர் கடிந்துகொள்ளுகிறார். நாட்களைக் கைக்கொள்ளுவதனால் தேவனுக்கு முன்பாக நீதிமானாகலாம் என்று எண்ணியவர்களுக்கு எழுதப்பட்டது அது. கொலோசெயர் 2ஆம் அதிகாரத்தில், பண்டிகை நாளைக்குறித்து ஒருவனும் உங்களைக் குற்றப்படுத்தாதிருப்பானாக என்கிறார். ரோமர் 14ஆம் அதிகாரத்தில், ஒருவன் ஒருநாளை மற்றொரு நாளிலும் விசேஷமாக எண்ணுகிறான், வேறொருவன் எல்லா நாட்களையும் சரியாக எண்ணுகிறான் என்று இரு தரப்பாரையும் நிறுத்தி, ‘அவனவன் தன் தன் மனதிலே முழு நிச்சயத்தை உடையவனாயிருக்கக்கடவன்’ என்று முடிக்கிறார். இந்த ‘முழு நிச்சயம்’ என்ற சொல்லில்தான் முழு விஷயமும் அடங்கியிருக்கிறது என்று நான் கருதுகிறேன். எல்லோரும் செய்கிறார்கள் என்பதற்காகக் கொண்டாடுகிறவரிடமும் அந்த நிச்சயம் இல்லை. யாரோ அனுப்பிய ஒரு காணொளியைப் பார்த்துவிட்டுப் பயந்து நிறுத்துகிறவரிடமும் அது இல்லை.

உங்கள் திருச்சபையின் ஒழுங்கையும் இவ்விடத்தில் கருத வேண்டும். கத்தோலிக்கத் திருச்சபையில் கிறிஸ்து பிறப்பு விழா திருப்பலியில் பங்கேற்க வேண்டிய கடன் திருநாள். ஆகவே கத்தோலிக்கருக்கு அது முற்றிலும் தனிப்பட்ட விருப்பத்தைச் சார்ந்தது அன்று. சீர்திருத்தத் (புராட்டஸ்டன்ட்) திருச்சபைகளுக்குள்ளோ கொண்டாடும் மரபும் கொண்டாடாத மரபும் வேரூன்றியிருக்கின்றன.

டிசம்பர் 25 எங்கிருந்து வந்தது

கொண்டாடத் தயங்குகிறவர்கள் பெரும்பாலும் முன்வைக்கும் காரணம், இந்தத் தேதி ரோமர்களின் சூரிய தெய்வத்துக்குரியது என்பதே. இதை அவசரப்பட்டு மறுப்பதும் தவறு, அவசரப்பட்டு நம்புவதும் தவறு.

கி.பி. 200ஆம் ஆண்டளவில் அலெக்சாந்திரியாவின் கிளெமெந்து என்ற சபை ஆசிரியர், சிலர் கிறிஸ்துவின் பிறந்தநாளை மே 20ஐ ஒத்த ஒரு நாளில் வைக்கிறார்கள் என்று எழுதினார். டிசம்பர் 25 அவருக்குத் தெரிந்த தேதிகளில் இல்லை. அவருக்கு அடுத்த தலைமுறையில் ஒரிகேன் என்ற வேத அறிஞர், வேதத்தில் பிறந்தநாளைக் கொண்டாடினவர்கள் பார்வோனும் ஏரோதும் போன்ற பாவிகளே என்று குறிப்பிட்டார். ஆக, முதல் மூன்று நூற்றாண்டுகளில் இந்தப் பண்டிகை சபையில் பரவலாக இல்லை. 354ஆம் ஆண்டில் ரோமில் தொகுக்கப்பட்ட ஒரு நாட்குறிப்பில்தான் டிசம்பர் 25 அன்று யூதேயாவின் பெத்லகேமில் கிறிஸ்து பிறந்தார் என்ற குறிப்பு தெளிவாகக் காணப்படுகிறது. 336ஆம் ஆண்டளவிலேயே ரோமில் அது ஆசரிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று அதைக்கொண்டு ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். 386ஆம் ஆண்டில் அந்தியோகியாவில் பிரசங்கித்த யோவான் கிறிசோஸ்தோம், இந்த நாள் தங்களுக்கு அறிமுகமாகிப் பத்து ஆண்டுகள்கூட ஆகவில்லை என்று சபையாரிடம் சொன்னார். கிழக்கில் அதற்கு முன்பு ஜனவரி 6 முக்கியத்துவம் பெற்றிருந்தது. ஆர்மேனிய அப்போஸ்தலத் திருச்சபை இன்றும் அந்நாளிலேயே கிறிஸ்துவின் பிறப்பையும் ஞானஸ்நானத்தையும் சேர்த்து ஆசரிக்கிறது. பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றும் ரஷ்ய, செர்பிய திருச்சபைகளின் டிசம்பர் 25 நம்முடைய நாட்காட்டியில் ஜனவரி 7 ஆக வருகிறது.

சூரிய தெய்வத்தின் கதை என்ன? பேரரசன் அவுரேலியன் 274ஆம் ஆண்டில் ரோமில் வெல்லப்படாத சூரியனுக்கு ஒரு கோயிலை எழுப்பினான். ஆனால் டிசம்பர் 25 அந்தத் தெய்வத்தின் பிறந்தநாள் என்று கூறும் தெளிவான எழுத்துச் சான்று, கிறிஸ்துவின் பிறப்பை அதே நாளில் குறிப்பிடும் அந்த 354ஆம் ஆண்டுத் தொகுப்புதான். ஆகவே எது எதைப் பின்பற்றி வந்தது என்பதில் ஆய்வாளர்கள் பிரிந்து நிற்கிறார்கள். ஒரு சாரார், சபை புறமதத்தாரின் நாளை எடுத்துக் கிறிஸ்துவுக்கு உரியதாக்கியது என்கிறார்கள். இன்னொரு சாரார், இயேசு சிலுவையில் மரித்த நாளென்று பண்டைய கிறிஸ்தவர் சிலர் கணக்கிட்ட மார்ச் 25ஐயே அவர் மரியாளின் கருவில் உருவான நாளாகவும் கருதினார்கள் என்றும், அதிலிருந்து ஒன்பது மாதங்கள் கூட்டினால் டிசம்பர் 25 வருகிறது என்றும் விளக்குகிறார்கள். பண்டைய சபையின் ஆயரான அகுஸ்தீன் இந்தக் கணக்கைக் குறிப்பிட்டிருக்கிறார்.

இவ்விரண்டில் முதலாவதே உண்மை என்று வைத்துக்கொண்டாலும், அதனால் நாள் தீட்டுப்பட்டுவிடுமா? வாரத்தின் ஏழு நாட்களையும் நாம் கோள்களின் பெயர்களால்தான் அழைக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகிற எவரும் சூரியனை வணங்கப் போவதில்லை. விக்கிரகங்களுக்குப் படைக்கப்பட்ட இறைச்சியைப் பற்றிக் கொரிந்தியர் கேட்டபோதும், உலகத்திலே விக்கிரகமானது ஒன்றுமில்லை என்று பவுல் சொன்னார்; அதே மூச்சில், பலவீனமான மனசாட்சியுள்ள சகோதரனுக்கு அது இடறலாகுமானால் தாம் என்றைக்கும் இறைச்சி புசிப்பதில்லை என்றும் சொன்னார். முதல் பாதி கொண்டாடுகிறவருக்கு விடுதலை தருகிறது. இரண்டாம் பாதி அந்த விடுதலைக்கு எல்லை வகுக்கிறது. முன்பு சூரிய வழிபாட்டில் இருந்து மீண்டவர் ஒருவர் அந்தத் தேதியைக் காணவே கூசுகிறார் என்றால், அவரை வற்புறுத்தி விழா மேடையில் உட்கார வைப்பது அன்பாகாது.

கிறிஸ்துமஸ் மரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. எரேமியா 10ஆம் அதிகாரத்தில், காட்டில் வெட்டிய மரத்தை வெள்ளியாலும் பொன்னாலும் அலங்கரித்து, அசையாதபடி ஆணிகளால் உறுதிப்படுத்துகிறார்கள் என்று வருவதைக் காட்டி, வேதம் இதைத் தடை செய்கிறது என்று சொல்வார்கள். அந்தப் பகுதியைத் தொடர்ந்து வாசித்தால், தச்சன் வாய்ச்சியால் செதுக்கிய, பேசவும் நடக்கவும் இயலாத விக்கிரகத்தைப் பற்றியே தீர்க்கதரிசி பேசுகிறார் என்பது விளங்கும். மரத்தை அலங்கரித்து வைக்கும் வழக்கம் ஜெர்மன் மொழி பேசும் பகுதிகளில் 16ஆம் நூற்றாண்டில் காணப்படுகிறது. எரேமியாவுக்கும் அதற்கும் இடையே இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் இருக்கின்றன. மரம் வைக்க வேண்டும் என்றும் இல்லை, வைத்ததனால் விக்கிரக ஆராதனை என்றும் இல்லை.

கொண்டாடாதவர்களின் மரபும் நம்முடையதே

கொண்டாடாதவர்களைப் புதிதாக முளைத்தவர்கள் என்று எண்ணுகிறவர்கள் வரலாற்றைப் பார்க்க வேண்டும். இங்கிலாந்தின் தூய்மைவாதிகள் (பியூரிட்டன்கள்) 1647ஆம் ஆண்டில் பாராளுமன்றச் சட்டத்தின் மூலம் கிறிஸ்துமஸை ஒழித்தார்கள்; 1660இல் முடியாட்சி திரும்பிய பிறகே அது மீண்டும் முறைப்படி ஆசரிக்கப்பட்டது. வட அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் குடியேற்றத்தில் 1659 முதல் 1681 வரை கிறிஸ்துமஸ் கொண்டாடினவர்களுக்கு ஐந்து ஷில்லிங் அபராதம் விதிக்கும் சட்டம் இருந்தது. ஸ்காட்லாந்தில் கிறிஸ்துமஸ் பொது விடுமுறை ஆனது 1958இல்தான். இவர்கள் கிறிஸ்துவின் மனுவுருவேற்பை, அதாவது தேவன் மனிதனாகப் பிறந்ததை, மறுத்தவர்கள் அல்லர். அதை ஆண்டு முழுவதும் பிரசங்கித்தவர்கள். குடியும் சூதாட்டமும் கூத்தும் அந்நாளோடு ஒட்டிக்கொண்டதைக் கண்டு வெறுத்தார்கள், கட்டளையிடப்படாததை ஆராதனையில் சேர்க்கலாகாது என்று நம்பினார்கள். சட்டத்தைக்கொண்டு பிறர்மீது அதைத் திணித்ததுதான், ரோமர் 14ஆம் அதிகாரத்தின்படி, அவர்கள் செய்த தவறு என்பது என் கருத்து. இன்று கொண்டாடாதவரைப் பக்தியில் குறைந்தவர் என்று தீர்ப்பிடுகிறவர் அதே தவற்றை மறுதிசையில் செய்கிறார்.

எனவே ஆராய்ந்து முடித்த பிறகு, கொண்டாடுவதில்லை என்று தீர்மானித்தால் அமைதியாக அப்படியே இருங்கள். பிறர் வாழ்த்துச் சொன்னால் நன்றி கூறுங்கள். ஒவ்வொரு வாழ்த்துக்கும் ஒரு பிரசங்கத்தைப் பதிலாகக் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் அவ்வாண்டில் ஏதாவதொரு நாளில் மத்தேயுவின் முதல் இரண்டு அதிகாரங்களையும் லூக்காவின் முதல் இரண்டு அதிகாரங்களையும் குடும்பமாக வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். பண்டிகையை விட்டதோடு அந்த வேதபகுதிகளையும் விட்டுவிட்ட வீடுகளை நான் கண்டிருக்கிறேன். அது பெரிய இழப்பு.

கொண்டாடுவது என்று தீர்மானித்தால்

முதல் வேலை வாசிப்பு. கிறிஸ்து பிறப்பின் கதை நமக்கு நன்றாகத் தெரியும் என்று நினைக்கிறோம். ஆனால் நமக்குத் தெரிந்தது பெரும்பாலும் நாடகங்களிலும் வாழ்த்து அட்டைகளிலும் பார்த்த கதை. மத்தேயுவின் இரு அதிகாரங்களில் 48 வசனங்களும் லூக்காவின் இரு அதிகாரங்களில் 132 வசனங்களும் உள்ளன. இவ்விரண்டையும் கலக்காமல் தனித்தனியாக வாசித்துப் பாருங்கள். மத்தேயுவில் மேய்ப்பர்கள் இல்லை, முன்னணை (மாட்டுத் தீவனத் தொட்டி) இல்லை. லூக்காவில் நட்சத்திரம் இல்லை, அதைக் கண்டு கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகள் (ஞானிகள்) இல்லை. சாஸ்திரிகள் மூவர் என்று எங்கும் எழுதப்படவில்லை, காணிக்கைகள்தான் மூன்று. அவர்கள் பிள்ளையைக் கண்டது ஒரு வீட்டில். இரண்டு வயதுக்குட்பட்ட ஆண்குழந்தைகளை ஏரோது கொன்றதை வைத்துப் பார்த்தால், அவர்கள் வந்தது பிறப்பின் இரவிலேயே என்று கொள்வது கடினம். இதையெல்லாம் பிறரைத் திருத்துவதற்காகச் சொல்லவில்லை. பழக்கத்தால் மங்கிப்போன கதை, எழுதப்பட்டபடி வாசிக்கும்போது மறுபடியும் கூர்மையடைகிறது.

அப்படி வாசிக்கும்போது சில வரிகளில் நின்று யோசியுங்கள். மத்தேயுவின் வம்சவரலாற்றைப் பெயர்ப்பட்டியல் என்று தாண்டிவிடாமல், அதில் தாமார், ராகாப், ரூத், உரியாவின் மனைவி ஆகியோர் ஏன் இடம்பெற்றார்கள் என்று பேசுங்கள். லூக்கா 2ஆம் அதிகாரத்தில் யோசேப்பும் மரியாளும் ஒரு ஜோடு காட்டுப்புறாவையோ இரண்டு புறாக்குஞ்சுகளையோ பலியிட எருசலேமுக்குப் போகிறார்கள். லேவியராகமம் 12ஆம் அதிகாரத்தின்படி, ஆட்டுக்குட்டி கொண்டுவர வசதியில்லாத தாய்க்கு அனுமதிக்கப்பட்ட காணிக்கை அது. உலகத்தை உண்டாக்கினவர் ஓர் ஆட்டுக்குட்டி வாங்க வழியில்லாத வீட்டில் பிறந்தார் என்பதை அந்த ஒரு வரி சொல்லிவிடுகிறது. இந்த வரியை நிதானமாக வாசித்த குடும்பம், பண்டிகைச் செலவுக்காகக் கடன் வாங்கலாமா என்று இன்னொருவரிடம் கேட்க வேண்டியிராது என்றே நம்புகிறேன்.

டிசம்பர் 25க்கு முந்தைய நான்கு ஞாயிற்றுக்கிழமைகளை மேற்கத்தியத் திருச்சபைகள் திருவருகைக் காலமாக ஆசரிக்கின்றன. கிழக்கத்திய மரபுவழித் திருச்சபைகள் நாற்பது நாள் உபவாசம் இருக்கின்றன. இரண்டிலும் பொதுவான ஞானம், பண்டிகைக்கு முன்பு காத்திருத்தல் வேண்டும் என்பது. இன்று நாமோ டிசம்பர் முதல் நாளிலேயே விழாக்களைத் தொடங்கி, இருபத்தைந்தாம் தேதி வரும்போது களைத்துப்போய்விடுகிறோம். உங்கள் சபையில் திருவருகைக் காலம் இல்லையென்றாலும் வீட்டில் அதை வைத்துக்கொள்ளலாம். லூக்கா சுவிசேஷத்தில் 24 அதிகாரங்கள் இருப்பதால், டிசம்பர் முதல் நாளிலிருந்து நாளொன்றுக்கு ஓர் அதிகாரம் வாசித்தால் 24ஆம் தேதி இரவு உயிர்த்தெழுதலில் வந்து முடியும். முன்னணையில் தொடங்கிக் காலியான கல்லறையில் முடிக்கும் இவ்வாசிப்பு, பிறப்பை மரணத்திலிருந்து பிரித்துக் கொண்டாடுகிறோம் என்ற குற்றச்சாட்டுக்கும் நல்ல பதில்.

ஆராதனையை அந்நாளின் நடுவில் வையுங்கள். நள்ளிரவிலோ விடியற்காலையிலோ கூடும் சபையார், அன்றைய மற்ற வேலைகளை அதற்கேற்ப அமைத்துக்கொள்ள வேண்டும். ஆராதனையைச் சுருக்கிவிட்டு விருந்துக்கு விரைவது தலைகீழான ஒழுங்கு. பாடல்களைத் தெரிந்தெடுக்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வார்த்தை மாம்சமானார் என்ற சத்தியத்தைச் சொல்லும் பாடல் ஒன்றாவது இருக்கட்டும். பனியையும் மணியோசையையும் பாடும் பாடல்களால் கேடில்லை, ஆனால் அவற்றை மட்டும் பாடிவிட்டு வீடு திரும்பும் ஒருவருக்கு, பிறந்தவர் யார், ஏன் பிறந்தார் என்பது தெரியாமலே போகலாம். அன்றைக்கு மட்டும் ஆலயத்துக்கு வருகிறவர்களும், வேறு சமயத்தைச் சேர்ந்த நண்பர்களும் அந்த இருக்கைகளில் இருப்பார்கள். வருடம் முழுவதும் வராதவர் என்று அவர்களைக் குத்திக்காட்டாமல், புரியும் மொழியில் நற்செய்தியைச் சொல்வது போதகரின் கடமை.

செலவைப் பொறுத்தவரை, கொடுக்க வேண்டியதை முதலில் எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தில் பண்டிகையை நடத்துவதே நான் பரிந்துரைக்கும் முறை. பூரீம் நாட்களின் ஒழுங்கில் எளியவர்களுக்குத் தானம் என்பது விருந்தோடு சேர்ந்தே வந்தது. லூக்கா 14ஆம் அதிகாரத்தில் இயேசு இன்னும் ஒரு படி மேலே போய், பதிலுக்கு அழைக்கக்கூடிய சிநேகிதரையும் ஐசுவரியமுள்ள அயலகத்தாரையும் விட்டுவிட்டு, பதில் செய்ய இயலாத ஏழைகளையும் ஊனரையும் அழைக்கச் சொல்லுகிறார். ஆகவே பொருளாகக் கொடுத்தனுப்புவதோடு நிறுத்தாமல், தனியாக இருக்கும் முதியவர் ஒருவரையோ, குடும்பத்தை விட்டுத் தொலைவில் வேலை செய்கிறவரையோ உங்கள் மேசைக்கே அழையுங்கள். கொடுப்பதைப் படமெடுத்துப் பிறருக்குக் காட்டாதீர்கள். வாங்குகிறவரின் முகம் காட்சிப்பொருள் அன்று. வலதுகை செய்வதை இடதுகை அறியாதிருக்கட்டும் என்ற கட்டளைக்கு டிசம்பர் மாதத்தில் விலக்கு இல்லை. குடும்பத்துக்குள் கொடுக்கும் பரிசுகளுக்கு முன்கூட்டியே ஓர் எல்லை வகுத்துக்கொண்டால், யார் அதிகம் கொடுத்தார்கள் என்ற மனக்கசப்புக்கு இடமிராது.

மதுவைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. கிறிஸ்துவின் பிறப்பைக் காரணம் காட்டிக் குடித்து வெறிப்பது, அவருடைய பெயரை வீணிலே வழங்குவதாகும்.

பிள்ளைகளுக்கு என்ன சொல்வது

கிறிஸ்துமஸ் தாத்தாவை முழுவதும் ஒதுக்குகிறவர்களும் உண்டு, உண்மையில் வருகிறார் என்று பிள்ளைகளை நம்பவைக்கிறவர்களும் உண்டு. இரண்டாவதை நான் ஏற்பதில்லை. காணாத ஒருவரை விசுவாசிக்கும்படி பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கும் அதே வாயால், இல்லாத ஒருவரை இருக்கிறார் என்று சொல்லிவிட்டு, சில ஆண்டுகள் கழித்து அது பொய் என்று ஒத்துக்கொண்டால், மற்றதும் அப்படித்தானோ என்று அந்தப் பிள்ளை நினைப்பதற்கு யார் பொறுப்பு? அந்த உருவத்துக்குப் பின்னால் நான்காம் நூற்றாண்டில் மீரா என்ற பட்டணத்தின் ஆயராயிருந்த நிக்கோலாஸ் இருக்கிறார் என்பதைச் சொல்லிக்கொடுங்கள். ஏழைகளுக்கு மறைவில் உதவியவராகச் சபையின் மரபு அவரை நினைவில் வைத்திருக்கிறது, டிசம்பர் 6 அவருடைய திருநாள். சிவப்பு உடை அணிந்து வருகிறவர் விளையாட்டுக்காக வேடமிட்டவர் என்று பிள்ளைக்குத் தெரிந்திருந்தாலும் மகிழ்ச்சி குறைவதில்லை.

குடில் அமைக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். 1223ஆம் ஆண்டில் இத்தாலியின் கிரெச்சோ என்ற ஊரில் அசிசியின் பிரான்சிஸ் உண்மையான மாட்டையும் கழுதையையும் நிறுத்தி, வைக்கோல் நிரப்பிய முன்னணையை அமைத்து, பெத்லகேமின் எளிமையை மக்கள் கண்ணால் காணச்செய்தார். குடிலின் நோக்கம் அதுதான். உருவங்களைக் குறித்து உங்கள் மனசாட்சி தயங்கினால், பிள்ளைகளைக் கொண்டு கதையை நடிக்கச்செய்வது அதே பயனைத் தரும். சாஸ்திரிகளின் உருவங்களை முதல் நாளே குடிலுக்குள் வைத்துவிடாமல், வீட்டின் மறுமூலையில் வைத்து நாள்தோறும் சற்று நகர்த்தி, ஜனவரி 6 அன்று கொண்டுவந்து சேர்க்கும் பழக்கம் பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். கதையின் கால ஓட்டமும் அதனால் மனதில் பதியும்.

வீட்டுக்குள் கருத்து வேறுபட்டால்

ஒருவர் கொண்டாட விரும்புகிறார், மற்றவர் விரும்பவில்லை என்றால், இருவருக்கும் பொதுவானதிலிருந்து தொடங்குங்கள். வேதவாசிப்பிலும் ஜெபத்திலும் எளியவருக்கு உதவுவதிலும் பெரும்பாலும் முரண்பாடு இராது. மரம், அலங்காரம், பரிசு ஆகியவற்றில் தயக்கம் உள்ளவருடைய மனசாட்சிக்கு விட்டுக்கொடுப்பதே ரோமர் 14இன் வழி. ஏனெனில் அலங்காரம் இல்லாததனால் கொண்டாடுகிறவர் பாவம் செய்யப்போவதில்லை, ஆனால் மனசாட்சிக்கு விரோதமாகச் செய்யத் தூண்டப்பட்டவர் பாவம் செய்கிறவராகிறார். மறுபுறம், தயக்கம் உள்ளவர் தம் கணவரையோ மனைவியையோ ஆராதனைக்குப் போகாதபடி தடுக்கும் உரிமையும் பெறவில்லை.

குடும்பத்தில் நீங்கள் ஒருவர் மட்டும் கிறிஸ்தவராக இருந்தால், பெரிய ஏற்பாடுகளை நினைத்து ஏங்க வேண்டாம். லூக்கா 2ஆம் அதிகாரத்தை வீட்டாருக்கு வாசித்துக்காட்ட அனுமதி கேளுங்கள். கிடைக்காவிட்டால் தனியே வாசியுங்கள். மரியாள் எல்லாவற்றையும் தன் இருதயத்திலே வைத்துச் சிந்தனைபண்ணினாள் என்று எழுதியிருக்கிறது, அதுவும் கொண்டாட்டம்தான்.

துக்கத்தில் இருப்பவர்களும் விடுமுறை இல்லாதவர்களும்

அந்த ஆண்டில் மரணத்தைச் சந்தித்த வீட்டில், எல்லோரும் மகிழ்ச்சியாயிருக்கும் நாளே தாங்க முடியாததாகிவிடும். அவர்களிடம் சந்தோஷமாயிருங்கள் என்று சொல்லாதீர்கள். மத்தேயு எழுதிய கிறிஸ்து பிறப்பின் கதையிலேயே, தன் பிள்ளைகளுக்காக அழுது ஆறுதலடையாதிருக்கிற ராகேல் இருக்கிறாள். குழந்தை இயேசுவைத் தூக்கிக்கொண்டு இரவோடிரவாக எகிப்துக்கு ஓடும் பெற்றோர் இருக்கிறார்கள். ஏரோதினால் கொல்லப்பட்ட அக்குழந்தைகளை மேற்கத்தியத் திருச்சபைகள் டிசம்பர் 28 அன்று, பண்டிகைக் காலத்தின் நடுவிலேயே நினைவுகூருகின்றன. அந்த நாளில் துக்கவீட்டுக்குப் போய், மத்தேயு 2ஆம் அதிகாரத்தை வாசித்து, அவர்களோடு அமர்ந்திருங்கள். அலங்காரம் செய்யவில்லையே, உறவினரை அழைக்கவில்லையே என்று அவர்கள் குற்றவுணர்வு கொண்டால், பண்டிகைக்கு இவையெல்லாம் வேண்டும் என்று எந்த வசனமும் கட்டளையிடவில்லை என்பதை நினைவூட்டுங்கள்.

மருத்துவமனையிலும் காவல் பணியிலும் போக்குவரத்திலும் அன்றைக்கு வேலை செய்தே ஆகவேண்டியவர்கள் பலர். ஆராதனையைத் தவறவிட்டோமே என்று அவர்கள் வருந்துவதைக் கேட்டிருக்கிறேன். தேதி கட்டளையிடப்படவில்லை என்பது இவர்களுக்குத்தான் பெரிய ஆறுதல். குடும்பம் முழுவதும் ஒன்றுகூட முடிகிற வேறொரு நாளை, இருபத்தேழாம் தேதியையோ ஜனவரியின் முதல் ஞாயிற்றுக்கிழமையையோ, தேர்ந்தெடுத்து அன்றைக்கு விருந்தை வையுங்கள். இருபத்தைந்தாம் தேதியன்று பணியிடத்தில் கிடைக்கும் இடைவேளையில் லூக்கா 2ஆம் அதிகாரத்தின் 8 முதல் 20 வரையுள்ள வசனங்களை வாசியுங்கள். வாசிக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. அந்தச் செய்தியை முதலில் கேட்டவர்கள் இராத்திரியிலே தங்கள் மந்தையைக் காவல் காத்துக்கொண்டிருந்தவர்கள். பிள்ளையைக் கண்ட பிறகு தேவனை மகிமைப்படுத்திக்கொண்டே அவர்கள் திரும்பிப்போனார்கள்.